கை தளராத முதுமை

முதுமை என்றதும் நமது எண்ணத்தில் முதலில் எழுவன நரைத்த தலையும், மங்கிய கண்ணும், தள்ளாடும் நடையுமே. கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி உண்டு. பல்லுக்குக் கட்டுப்பல் உண்டு. காலுக்கு ஊன்றுகோல் உண்டு. ஆயின், அக்கண்ணாடியைத் துடைத்து அணிவதற்கும் அவ்வூன்றுகோலைப் பற்றி நடப்பதற்கும் வேண்டிய கையைப் பற்றி நாம் சிந்திப்பது மிகவும் அருமை. கையின் தளர்ச்சி ஓசையின்றி வருவதும் இதற்கு ஒரு காரணமாகும். ஒருநாள் ஊறுகாய்ப் போத்தலின் மூடி திறபட மறுக்கின்றது. அதனை இறுக மூடியவர்மீது பழி விழுகின்றது. பின்னொரு நாள், பிழிந்து கொடியிற் போட்ட துவாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டேயிருக்கின்றது. குழாய் இறுகிவிட்டதென்றும், கதவின் பூட்டுத் துருவேறிவிட்டதென்றும் குறை கூறப்படுகின்றது. வீட்டிலுள்ள பொருள்கள் யாவும் ஒரே காலத்தில் இறுகிப்போவது எங்ஙனம் என்று எவரும் வினவுவதில்லை.

வைத்தியரிடம் செல்லும் முதியவர் தமது இரத்த அழுத்தத்தின் அளவைக் கேட்டறிந்து வருகின்றார். நீரிழிவு கூடியதா குறைந்ததா என்று விசாரிக்கின்றார். கைப்பிடி தளர்ந்ததைக் கூறுவோர் மிகச் சிலரே. அது வயதின் இயல்பு என்பதே பலரது எண்ணம். ஆயினும், கடந்த சில தசாப்தங்களாக உலகின் பல பாகங்களில் நடைபெற்ற ஆராய்ச்சிகள், ஒருவர் தமது கையினால் எத்துணை வலிமையுடன் பற்ற முடிகின்றது என்பதைக் கொண்டு அவரது முழுத் தேகத்தின் நிலையையும் ஓரளவு மதிப்பிடலாம் என்று காட்டியுள்ளன. அன்றியும், முதுமைக் காலத்தை அவர் தம் கையாலேயே உண்டு, உடுத்து, நீராடிக் கழிப்பாரா, அல்லது பிறர் கையை எதிர்பார்த்திருப்பாரா என்பதற்கும் அஃது ஒரு முன்னறிவிப்பாக அமைகின்றது.

பிடியின் வலிமை எங்கே இருக்கின்றது? மணிக்கட்டு முதல் விரல் நுனி வரையில் ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. எனினும், விரல்களை மடக்கி இறுக்கும் பெருந்தசைகள் விரலில் இல்லை. அவை முழங்கைக்குக் கீழே முன்னங்கையில் இருக்கின்றன. வாசகர்கள் ஒரு கையால் மற்றக் கையின் முன்னங்கையைப் பற்றிக்கொண்டு, அக்கையின் விரல்களை இறுக மடக்கிப் பார்ப்பாராயின், தோலின் கீழே தசை திரண்டெழுவதை உணரலாம். அங்கிருந்து நீண்ட நாண்கள் மணிக்கட்டின் வழியாகச் சென்று விரலெலும்புகளில் இணைந்து, பொம்மலாட்டக்காரனின் கயிறுகளைப்போல் அவற்றை இழுக்கின்றன. 1956ஆம் ஆண்டில் நேப்பியர் என்னும் ஆங்கிலேய அறிஞர், மனிதர் ஒரு பொருளைப் பற்றும் முறைகளை இரு பெரும் வகைகளாகப் பிரித்துக் காட்டினார். உலக்கையையும் மண்வெட்டியையும் உள்ளங்கையோடு சேர்த்து இறுகப் பற்றுவது ஒன்று. ஊசியையும் பேனாவையும் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே நுட்பமாகப் பிடிப்பது மற்றொன்று. சட்டையின் பொத்தானை மாட்டுவதற்குப் பின்னையதும், படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி விழாமல் நிற்பதற்கு முன்னையதும் வேண்டும். முதுமை இரண்டையுமே குறைக்கின்றது.

கைவலிமையை அளக்கும் ஆசை புதியதன்று. 1798ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டினரான ரெய்னியே என்பவர் அதற்கென ஒரு கருவியை விவரித்து வெளியிட்டார். 1884ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற சுகாதாரப் பொருட்காட்சியில், பிரான்ஸிஸ் கோல்ற்றன் என்னும் அறிஞர் ஓர் அளவைக்கூடத்தை நிறுவினார். மூன்று பென்ஸ் கட்டணம் செலுத்தியோரின் உயரம், நிறை, பார்வை ஆகியவற்றுடன் கைப்பிடியின் வலிமையும் அங்கு அளக்கப்பட்டது. 9,337 பேர் அளக்கப்பட்டனர். காசு கொடுத்துத் தம்மை அளப்பித்துக்கொள்ள மக்கள் இவ்வளவு ஆர்வங் காட்டியது வியப்புக்குரியதே! ஆனால் கோல்ற்றனின் நோக்கம் பரம்பரை இயல்புகளை அறிவதாக இருந்தது. பிடி தளர்ந்தவர் பின்னாளில் என்ன ஆனார் என்பது அவருடைய வினாவன்று. இன்றும் வைத்தியசாலைகளில் வழங்கிவரும் நீரழுத்தப் பிடிமானி 1954ஆம் ஆண்டில் பெக்ற்றொல் என்னும் வைத்தியரால் அறிமுகப்படுத்தப்பட்டதாகும். கதிரையில் அமர்ந்து, முழங்கையை மடித்துக்கொண்டு, அதன் பிடியை இயன்ற மட்டும் அழுத்த வேண்டும். முள் காட்டும் கிலோகிராம் அளவு குறித்துக்கொள்ளப்படும். சில நொடிகளில் முடிந்துவிடும் சோதனை இது. ஊசியுமில்லை, இரத்தமுமில்லை.

ஹவாய்த் தீவின் ஆறாயிரம் பேர்

இத்துறையில் நடைபெற்ற ஆராய்ச்சிகளுள் எமது கருத்தை மிகவும் கவர்ந்தது ஹவாய்த் தீவில் நடந்ததொன்றாகும். 1885ஆம் ஆண்டு முதல் அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் கூலிவேலை செய்வதற்கென ஜப்பானியர் ஒப்பந்தத்தின்பேரில் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். நமது மலைநாட்டின் கதையை அறிந்தோருக்கு அவர்களுடைய கதை அந்நியமாகத் தோன்றாது. அவ்வாறு சென்றோரின் வழித்தோன்றல்களுள் 1900 முதல் 1919 வரை பிறந்து, ஒவாகு என்னும் தீவில் வாழ்ந்துவந்த ஆண்கள் எண்ணாயிரம் பேரைத் தெரிந்தெடுத்து, இருதய நோயையும் பாரிசவாதத்தையும் பற்றி ஆராயும் பெருமுயற்சி ஒன்று 1965ஆம் ஆண்டில் ஹொனலூலு நகரில் ஆரம்பமாயிற்று. ஏனைய சோதனைகளோடு அவர்களது கைப்பிடியும் அளக்கப்பட்டது. அன்று அதனை எவரும் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார்கள்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1965 முதல் 1970 வரையில் அளக்கப்பட்டபோது 45 முதல் 68 வயது வரையினராயும் தேகசுகம் உடையவராயும் இருந்த 6,089 பேரின் பழைய குறிப்புகள் மீண்டும் எடுக்கப்பட்டன. அவர்களுள் 2,259 பேர் இறந்துவிட்டனர். உயிரோடிருந்தோருள் 3,218 பேர் 1991 முதல் 1993 வரையான காலத்தில் மறுபடியும் சோதிக்கப்பட்டனர். அவர்களால் எவ்வளவு விரைவாக நடக்க முடிகின்றது, கதிரையிலிருந்து எழ முடிகின்றதா, தாமாகவே குளிக்கவும் உடுக்கவும் உண்ணவும் இயலுகின்றதா என்பனவெல்லாம் ஆராயப்பட்டன. தைனா ரன்ரனென் என்னும் பின்லாந்து நாட்டுப் பெண்மணியும் அவருடைய சகாக்களும் இதன் முடிவுகளை 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நடுவயதில் பிடி வலிமை மிகக் குறைந்திருந்த மூன்றிலொரு பங்கினர், மிக வலியோராயிருந்த மூன்றிலொரு பங்கினரைவிட, தம் சொந்தத் தேவைகளைத் தாமே நிறைவேற்ற இயலாத நிலையை அடையும் அபாயம் இரு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது. மிக மெதுவாகவே நடக்கும் நிலையை அடையும் அபாயமோ ஏறக்குறைய மும்மடங்காக இருந்தது.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அளக்கப்பட்டபோது அம்மனிதர்கள் நோயாளர் அல்லர். தொழில் புரிந்து குடும்பத்தைக் காத்துவந்தவர்கள். பிடி சற்றுக் குறைந்தவருக்கும் அன்றைய வாழ்வில் யாதொரு குறையும் தெரிந்திராது. நாற்பத்தைந்து வயதில் நாற்பது கிலோகிராம் அழுத்தக்கூடிய கைக்கும் முப்பது கிலோகிராம் மட்டும் அழுத்தக்கூடிய கைக்கும் இடையேயுள்ள வேறுபாடு அன்றாட வேலைகளில் வெளிப்படுவதில்லை. ஏனெனில் அவ்வேலைகளுக்கு அவ்வளவு வலிமை தேவைப்படுவதேயில்லை. எஞ்சியிருப்பது சேமிப்பு. முப்பது வயதை அண்டி உச்சத்தை அடையும் வலிமை நடுவயது முதல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செலவாகின்றது. இடையிடையே ஒரு நிமோனியாக் காய்ச்சலோ, ஒரு சத்திரசிகிச்சையோ வந்து பெருந்தொகையாக எடுத்துச் சென்றுவிடுகின்றது. நிறையச் சேர்த்து வைத்தவருக்கு எண்பது வயதிலும் கையிருப்பு உண்டு. குறைவாகச் சேர்த்தவர் எழுபதிலேயே கடனாளியாகிறார்.

அதே மனிதருள் வயதில் மூத்தவர்களை ரன்ரனென் குழுவினர் தொடர்ந்து கவனித்து, நூறு வயதை எட்டியவர்களைப் பற்றியும் 2012ஆம் ஆண்டில் எழுதினர். எண்பதை எட்டாது இறந்தோருடன் ஒப்பிடுமிடத்து, நூறு வயதை அடைந்தோர் முன்னர் பிடி வலிமையில் முதலிடம் பெற்ற பிரிவினராயிருக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்ததாம். புகைபிடியாமை, தொழிலுக்குப் புறம்பாகவும் தேகத்துக்கு வேலை கொடுத்தமை, நீண்ட ஆயுளுடைய தாயைப் பெற்றிருந்தமை ஆகியனவும் அவர்களிடம் காணப்பட்ட சிறப்புகளாம். கடைசியிற் கூறியது நம் முயற்சியால் வருவதன்று. மற்றவை நம் வசத்தன.

ஹவாயில் ஆண்கள் மட்டுமே அளக்கப்பட்டனர். பெண்களையும் சேர்த்து, இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்த மற்றோர் ஆராய்ச்சியின் முடிவுகள் 2015ஆம் ஆண்டில் வெளியாயின. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் இதற்குத் தலைமை தாங்கினர். பிடி வலிமை ஐந்து கிலோகிராம் குறையுந்தோறும், எக்காரணத்தாலாயினும் மரணம் நேரும் அபாயம் நூற்றுக்கு 16 வீதம் உயர்ந்தது. மரணத்தை முன்னறிவிப்பதில் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடியே சிறந்து நின்றது. இதே ஆராய்ச்சியில், தெற்காசிய மக்களின் பிடி ஐரோப்பியர், வட அமெரிக்கர் ஆகியோரின் பிடியைவிடக் குறைந்ததாகவே காணப்பட்டது. சேமிப்பைக் குறைவாகக் கொண்டே நம்மவர் முதுமையைத் தொடங்குகின்றனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இவற்றைப் படித்த சிலர் உடனே கடைக்குச் சென்று இறப்பர்ப் பந்தொன்றை வாங்கி, நாள் முழுதும் அழுத்திக்கொண்டிருக்கத் தலைப்படுவர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ச்சற்காரரின் வெப்பமானியை உதறினால் பாதரசம் இறங்கும், காய்ச்சல் இறங்குமா? கைப்பிடி பெரும்பாலும் ஓர் அளவுகோலே. கை வலியவருக்குத் தொடையும் முதுகும் தோளும் பொதுவாக வலியனவாயிருக்கின்றன; தசைகளை ஏவும் நரம்புகள் நன்னிலையில் இருக்கின்றன; உணவு போதியதாக இருந்திருக்கின்றது; மறைந்த நோய்கள் குறைவாயிருக்கின்றன. நோயுற்ற காலத்தில் தேகம் தனக்கு வேண்டிய புரதத்தைத் தசையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. ஆகவே தசை குறைந்தவர் நோயைத் தாங்கும் ஆற்றலும் குறைந்தவராகின்றார். இத்தனையும் சேர்ந்துதான் பிடிமானியின் முள்ளை நகர்த்துகின்றன. பந்தை அழுத்துவதால் முன்னங்கைத் தசை சிறிது வலுப்பெறும், அது நன்றே. ஆனால் கதிரையை விட்டு எழாமல் பந்தை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பவரின் ஆயுள் அதனால் நீளும் என்று எவரும் நிரூபிக்கவில்லை.

ஆசிய நாடுகளின் நிபுணர் குழுவொன்று 2019ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, ஆண்களுக்கு 28 கிலோகிராமுக்கும், பெண்களுக்கு 18 கிலோகிராமுக்கும் குறைந்த பிடி, தசைத் தேய்வைப் பற்றி ஆராய வேண்டிய நிலையைக் குறிப்பதாகும்.

அன்பினால் விளையும் தளர்ச்சி

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் வாழ்வோருள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டோர் அறுபது வயதை எட்டியவர்கள். அதன் பின்னர் அவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, பெற்றோர் தனித்திருக்கும் இல்லங்கள் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய இல்லத்தில், போத்தல் மூடியைத் திறந்து கொடுக்க அயலில் ஒருவர் வரும் வரையில் மருந்துண்ணாமல் காத்திருக்கும் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். மருந்துப் போத்தல்களின் மூடிகள் குழந்தைகள் திறவாதபடி செய்யப்படுகின்றன. முதியவர்களாலும் அவற்றைத் திறக்க முடிவதில்லை!

பிள்ளைகளோடு வாழும் முதியவரின் நிலைமை வேறு. அங்கே அன்பே பகையாக மாறிவிடக் காண்கிறோம். "நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்கிறேன்" என்று மருமகள் தேங்காயைப் பறித்துக்கொள்கிறாள். "அப்பு, உங்களுக்கேன் இந்த வேலை?" என்று பேரன் மண்வெட்டியை வாங்கி மூலையில் வைக்கிறான். தாய் தகப்பன் வேலை செய்வதை ஊரார் கண்டால் குறை கூறுவார்களே என்ற அச்சமும் இதிற் கலந்திருக்கின்றது. ஒரு வருடம் இவ்வாறு கழிந்த பின்னர், கொடுத்தாலும் செய்ய இயலாத கையாக அக்கை ஆகிவிடுகின்றது. தேகம் ஓய்வை எவ்வளவு விரைவில் தண்டிக்கின்றது என்பதற்கு ஒரு சான்று: 2007ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், சராசரி 67 வயதான ஆரோக்கியமுள்ளோர் பன்னிருவர் பத்து நாட்கள் கட்டிலிற் படுத்திருக்குமாறு செய்யப்பட்டனர். அப்பத்து நாட்களில் அவர்களது கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசை கரைந்துபோயிற்று.

நமது பழைய சமையலறையும் கிணற்றடியும் கைக்குப் பயிற்சிக்கூடங்களாகவே விளங்கின. உரலில் மா இடித்தல், அம்மியில் அரைத்தல், திருவலையில் தேங்காய் துருவிப் பால் பிழிதல், இடியப்ப உரலை அழுத்துதல், கிணற்றில் நீர் அள்ளுதல், உடுப்புத் தோய்த்துப் பிழிதல் ஆகிய யாவும் பிடியை வளர்க்கும் வேலைகளே. அரைக்கும் இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் வந்தமைக்காக நாம் வருந்தவில்லை. விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்த நம் பாட்டிமார் அதனை விரும்பிச் செய்தார்களென்று எண்ணுவது பிழையாகும். ஓயாத உழைப்பு வேறு, வலிமை தரும் பயிற்சி வேறு. மலைநாட்டிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்கள் நாளெல்லாம் அசைகின்றன. போதிய உணவும் ஓய்வும் இல்லாதவிடத்து அவ்வசைவு தேய்மானமாகவே முடிகின்றது. ஆனால் எல்லா வேலைகளையும் இயந்திரத்திடம் ஒப்புவித்துவிட்டுக் கையைச் சும்மா வைத்திருப்போர், அக்கைக்கு வேறேதேனும் வேலை தேடிக் கொடுத்தல் வேண்டும்.

"இந்த வயதில் இனி என்ன?" என்று கேட்பவர்கள் பொஸ்ரன் நகரின் முதியோர் இல்லமொன்றில் நடந்ததை அறிந்துகொள்வது நல்லது. அங்கு 86 முதல் 96 வயது வரையான பத்து நலிந்த முதியோர் வாரத்திற்கு மூன்று நாள் கால்களால் பாரந் தூக்கும் பயிற்சியில் ஈடுபடுத்தப்பட்டனர். 1990ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. எட்டு வாரங்களில் அவர்களுடைய கால்வலிமை சராசரி 174 வீதம் அதிகரித்தது. இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டு நடந்தனர். தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் வளரும் என்பது அன்றோடு தெளிவாயிற்று.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தோர் யாவரும் வாரத்திற்கு இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்தல் வேண்டுமெனக் கூறப்பட்டுள்ளது. இதற்கெனக் கருவி வாங்க வேண்டியதில்லை. நனைந்த துவாயை இரு திசையிலும் மாறி மாறி முறுக்கிப் பிழியலாம். சந்தையிலிருந்து வரும்போது சாமான்களை இரு பைகளாகப் பங்கிட்டு, இரு கைகளிலும் தூக்கி வரலாம். இப்பயிற்சியில் கையும் தோளும் முதுகும் காலும் ஒருங்கே உழைக்கின்றன. நீர் நிரப்பிய போத்தலைக் கழுத்தில் பற்றித் தூக்கி இறக்கலாம். ரொட்டிக்கு மாக் குழைக்கும் வேலையை மூத்தோரிடமே விட்டுவிடலாம். இவற்றோடு, கதிரையிலிருந்து கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல் மிகவும் பயனுடையது. மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்துதல் மட்டும் ஆகாது; அவ்வேளையில் இரத்த அழுத்தம் சடுதியாக உயரும். இருதய நோயாளர் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

உணவையும் கவனித்தல் அவசியம். இரவில் இரண்டு துண்டு பாணும் தேநீருமே போதும் என்று கூறும் முதியோர் பலர். வயது ஏற ஏறப் புரதத்தின் தேவை கூடுகின்றதேயன்றிக் குறைவதில்லை. நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராம் அல்லது சிறிது கூடுதலாகப் புரதம் வேண்டும் என்பது நிபுணர்களின் கருத்து. முட்டை, மீன், நெத்தலிக் கருவாடு, பால், பருப்பு, பயறு, கௌபி, கச்சான் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருத்தல் நன்று. கருவாட்டின் உப்பைக் கழுவி நீக்கிக்கொள்க. சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் தம் வைத்தியர் சொல்லும் அளவையே கொள்ள வேண்டும்.

கைத்தளர்ச்சி எல்லாம் வயதினால் வருவதன்று. இரவில் பெருவிரலும் அதனையடுத்த விரல்களும் விறைத்து, கையை உதறினால் சுகந் தெரியுமாயின், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகின்றது என்று கருத இடமுண்டு. பெருவிரலின் அடித்தசை வற்றுமுன் சிகிச்சை பெறுதல் வேண்டும். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் வீங்கி, வெகுநேரம் மடங்காதிருப்பின் அது மூட்டுவாதமாக இருக்கலாம். வலியுள்ள மூட்டை வற்புறுத்தாமல், கத்தி, கரண்டி ஆகியவற்றின் காம்பில் சீலை சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தால் வேலை இலகுவாகும். நீரிழிவு நெடுநாள் உள்ளோர் இரு கைகளையும் கூப்பிப் பார்க்கட்டும். உள்ளங்கைகளும் விரல்களும் ஒன்றோடொன்று படியாமல் இடைவெளி தெரியுமாயின், அந்நோய் விரல் மூட்டுகளையும் தோலையும் இறுக்கத் தொடங்கியிருக்கலாம். அடுத்த முறை வைத்தியசாலைக்குப் போகும்போது அதனைக் காட்டுதல் வேண்டும். இவையெல்லாம் மெல்ல வருவன. ஒரு பக்கத்துக் கை மட்டும் திடீரென வலுவிழந்து, பிடித்திருந்த கோப்பை நழுவி விழுந்தால், அது பாரிசவாதத்தின் அறிகுறியாயிருக்கலாம். அப்போது எண்ணெய் பூசிக்கொண்டு காலை வரை காத்திராமல், 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, அம்புலன்ஸ் வண்டியில் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.